அபி ரூஜ்: பழைய போத்தல் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அபி ரூஜ் என்றால் என்ன?

பாரிஸில் 1828இல் தொடங்கப்பட்ட கெர்லான் நிறுவனம் 1965இல் ஆண்களுக்கென்று வெளியிட்ட சென்ற். இதைச் செய்தவர் ழான்-போல் கெர்லான். 1925இல் ஷாலிமாரைச் செய்த ஜாக் கெர்லானின் பேரன் அவர். குதிரையேற்றத்தில் பெரும் பிரியம் உள்ளவர் என்பதால், குதிரையில் வேட்டைக்குப் போகிறவர்கள் அணியும் சிவப்பு மேலங்கியின் பெயரையே இதற்கு வைத்தார். இன்றைக்கும் இது விற்பனையில் உள்ளது. ஆனால் இங்கே பேசப் போவது பெரும்பாலும் பழைய போத்தல்களைப் பற்றி. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு பாரிஸில் இருந்து ஊருக்கு வந்துபோன பெரியப்பாமார், மாமாமார் கையோடு பல நல்ல சென்றுகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தன. "விசேஷத்துக்குப் போடலாம்" என்று எடுத்து வைத்ததில் பாதி இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது.

அது எப்படி மணக்கும்?

மூன்று கட்டமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் ஐந்து நிமிடத்தில் மணந்ததும் ஒரு மணித்தியாலம் கழித்து மணப்பதும் இரண்டு வேறு சென்றுகள் என்றே தோன்றும்.

முதலில் வருவது புளிப்புப் பழங்களின் தோல் மணம்: எலுமிச்சை, பேர்கமொட், தோடம்பழம். பேர்கமொட் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பழம், ஏர்ல் கிரே தேயிலையில் மணப்பது அதுதான். தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறினால் தெறிக்கும் அந்தக் கூர்மை இங்கே உண்டு, ஆனால் தோடம்பூவின் மெல்லிய கசப்பும் கூடவே வருவதால் சவர்க்கார மணமாகப் போய்விடாது.

பிறகு பூக்கள். கார்னேஷன், மல்லிகை, ரோஜா. கார்னேஷன் பூவை நம்மில் பலர் நேரில் மணந்திருக்க மாட்டோம். ஆனால் அதன் மணத்தில் யூஜெனோல் என்ற பொருள் இருக்கிறது, நமது கராம்பின் மணத்துக்கும் அதுவே அடிப்படை. ஆகவே முதல்தரம் மணக்கிற யாழ்ப்பாணத்தார் "பூ" என்று சொல்ல மாட்டார், "கராம்பு, கறுவா போல இருக்கிறது" என்றுதான் சொல்வார். சொல்வது சரிதான். கறுவாவும் உள்ளே இருக்கிறது.

கடைசியில் அம்பர், வனிலா, சிறிது தோல் மணம். குதிரைச் சேணத்தை நினைத்து வைத்த தோல் மணம் அது. முகப்பவுடர் பூசியது போன்ற ஒரு மென்மை இந்தக் கட்டத்தில் வரும். மாலை ஆறு மணிக்குப் போட்டால் படுக்கப் போகும்போது சட்டைக் கழுத்தில் இருப்பது இதுதான். என் மனதில் அபி ரூஜின் உயிர் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. பழமும் பூவும் அதற்கு வழி விடுகின்றன.

அம்பர் என்பது திமிங்கிலத்தில் இருந்து வருவதா?

இல்லை. ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்து கரையொதுங்கும் பொருள் வேறு. மாலை கோர்க்கிற மஞ்சள் நிறப் புதைபடிவப் பிசின் வேறு. சென்ற் செய்பவர்கள் அம்பர் என்று சொல்வது ஒரு கலவையை. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் சிஸ்டஸ் செடியின் பிசினான லப்டானம், வனிலா, பென்சொயின், இவை மூன்றும் சேர்ந்தால் வரும் இனிப்பான, சூடான, சிறிது புகைந்த மணம் அது.

இதில் பென்சொயின் நமக்கு அந்நியம் இல்லை. அதுதான் சாம்பிராணி. ஸ்டைரக்ஸ் மரங்களைக் கீறி எடுக்கும் பிசின். சுமாத்திராவில் இருந்தும் லாவோஸ், தாய்லாந்துப் பக்கத்தில் இருந்தும் வருவது. வெள்ளிக்கிழமை மாலையில் வீடு முழுக்கக் காட்டுகிற புகையும், குழந்தையைக் குளிப்பாட்டித் தலைமயிருக்குப் பிடிக்கிற புகையும் இந்தப் பிசினில் இருந்துதான். கடைகளில் கிடைக்கும் கப் சாம்பிராணியில் கரித்தூளும் வேறு வாசனையும் கலந்திருக்கும், அதை வைத்துப் பார்க்க வேண்டாம். கட்டிச் சாம்பிராணி ஒரு துண்டை எரிக்காமல் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மணந்து பாருங்கள். வனிலா போன்ற இனிப்பு ஒன்று வரும். அபி ரூஜின் அடித்தளத்தைத் தனியாக எடுத்துக் காட்டக் கேட்டால் அதைத்தான் முதலில் காட்டுவேன்.

வனிலா, பூ என்கிறீர்கள். இது பெண்கள் போடுவதில்லையா?

1965இல் ஐரோப்பாவிலும் இதே கேள்வி இருந்திருக்கும். அதுவரை ஆண்களின் சென்ற் என்றால் கொலோன், லவெண்டர், புல், தோல், புகையிலை. வனிலாவும் அம்பரும் கனமாக உள்ள சென்றுகள் ஷாலிமார் போலப் பெண்களுக்கென்று விற்கப்பட்டன. அந்தக் குடும்பத்தை ஆண்கள் பக்கம் கொண்டுவந்த முதல் சென்றாக அபி ரூஜைத்தான் குறிப்பிடுவார்கள். ஷாலிமாரையும் இதையும் இரண்டு கையில் போட்டு மணந்தால் பேரன் பாட்டனாரிடம் கற்றது தெரியும்.

எங்கள் பக்கத்தில் இந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. மணவறையில் மாப்பிள்ளை கழுத்தில் மல்லிகையும் ரோஜாவும், நெற்றியில் சந்தனம், பக்கத்தில் சாம்பிராணிப் புகை. ஆணுக்குப் பூ மணம் பொருந்தாது என்ற எண்ணம் நமக்குள் விளம்பரங்களோடு வந்தது. தயங்காமல் போடுங்கள்.

வீட்டில் இருபது, முப்பது வருடப் போத்தல் இருக்கிறது. பழுதாகி இருக்குமா?

பெரும்பாலும் மேல்பகுதி மட்டும் பழுதாகி இருக்கும். இதை விளங்கிக்கொள்ளாமல் நல்ல போத்தல்களை ஊற்றி விடுகிறார்கள்.

புளிப்புப் பழ எண்ணெய்களில் பெரும்பங்கு லிமொனீன் என்ற பொருள். அது காற்று பட்டால் மாறும், வெளிச்சமும் சூடும் சேர்ந்தால் விரைவாக மாறும். அதனால் பழைய போத்தலைத் திறந்து அடித்த உடனே நகப்பூச்சு அகற்றும் திரவம் போலவோ, காய்ந்த இலை போலவோ ஒரு மணம் முகத்தில் அடிக்கும். அத்தோடு தீர்ப்புச் சொல்லி விடாதீர்கள். லப்டானம், பென்சொயின், வனிலா, பச்சூலி இலை எண்ணெய் போன்றவை இலகுவில் ஆவியாகாத, வயதைத் தாங்குகிற பொருட்கள். ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டில் அடித்து, மின்விசிறிக்கு எட்டாத இடத்தில் அரை மணித்தியாலம் வைத்துவிட்டு வந்து மணந்து பாருங்கள். சூடான இனிப்பு மணம் வந்தால் சென்ற் உயிரோடு இருக்கிறது. ஒரு மணித்தியாலம் கழித்தும் காறிய எண்ணெய் போல மணந்தால் அது முடிந்து விட்டது.

நிறம் கறுத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். வனிலாவில் உள்ள வனிலின் காலப்போக்கில் திரவத்தை மண்ணிறமாக்கும். தோடம்பூ, மல்லிகை மணங்களில் உள்ள சில பொருட்களும் அப்படியே. கடும் தேநீர் நிறத்தில் இருக்கும் போத்தல் அருமையாக மணப்பது உண்டு.

ஒரு எச்சரிக்கை மட்டும். காற்றுப்பட்டு மாறிய லிமொனீனும், லவெண்டர் போன்றவற்றில் உள்ள லினலூல் என்ற மணப்பொருளும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியவை. ஆரம்ப மணம் மோசமாக இருக்கும் போத்தலை உடம்பில் போடாமல் கைலேஞ்சியில் போடுங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் தோலில் போடுவதை முற்றாக விடுங்கள்.

எந்தக் காலத்துப் போத்தல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெட்டியில் பார்கோட் இல்லையென்றால் 1980களின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றையொன்று சுற்றிய இரு அம்புகள் கொண்ட வட்டக் குறி இருந்தால் 1990க்குப் பிந்தையது. உள்ளடக்கப் பட்டியல் அச்சிடப்பட்டிருந்தால் 1990களின் பிற்பகுதியோ அதற்குப் பிறகோ. அந்தப் பட்டியலில் லிமொனீன், லினலூல், யூஜெனோல், சிட்ரல் என்று தனித்தனியாகப் பெயர்கள் வந்தால் 2005ஐ ஒட்டியோ பிறகோ வந்தது. ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருட்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி அந்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மூடி திறந்த சிறு டப்பாவின் படமும் அதே காலத்து அடையாளம்.

பெட்டி இல்லாவிட்டால் யார் எந்த வருடம் கொண்டுவந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, பயணம் என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்துத் தேதி சொல்வார்கள்.

பழையதும் இப்போது விற்பதும் ஒரே மணமா?

ஒரே முகம், உடம்பு வேறு. காரணம் பல. பழைய சென்றுகளின் அடியில் ஈரமான காட்டு மணத்தைத் தந்த ஓக் மரப் பாசிக்குக் கட்டுப்பாடு படிப்படியாக இறுகியது. அதில் உள்ள அட்ரனோல், குளோரோ அட்ரனோல் என்ற இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது, 2019க்குப் பிறகு அவை உள்ள பொருளைப் புதிதாகச் சந்தைக்கு விட முடியாது. கார்னேஷன் மணத்தைக் கட்ட உதவும் ஐசோயூஜெனோலுக்கும் கடும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. மைசூர்ச் சந்தன எண்ணெய் கிடைப்பதே அரிதாகி விட்டது. சென்றுக்கு எண்ணெய் தரும் பிரேசிலின் ரோஸ்வுட் மரம், அழிந்துவரும் இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசப் பட்டியலில் 2010இல் சேர்க்கப்பட்டது.

கெர்லான் நிறுவனம் 1994இல் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கைக்குப் போனது, ழான்-போல் 2002இல் ஓய்வு பெற்றார், 2008இல் இருந்து தியரி வாசர் கெர்லானின் சென்றுகளைச் செய்யும் பொறுப்பில் இருந்தார். எல்லாப் பழியையும் இந்த மாற்றத்தின் மேல் போடுவார்கள் சிலர். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தோலைக் காக்கவும் மரத்தைக் காக்கவும் வந்த விதிகளின் விளைவு இதில் பெரிது. புதியதில் ஆரம்பப் பழ மணம் தெளிவாக, பிரகாசமாக இருக்கும். பழையதில் அடித்தளம் தடிப்பாக, நீண்ட நேரம் நிற்கும். காசு கொடுத்து வாங்க நினைப்பவர் புதியதையே வாங்கட்டும். வீட்டில் பழையது இருப்பவர் அதிர்ஷ்டசாலி.

யாழ்ப்பாண வெயிலுக்கு இது ஒத்துவருமா?

நேரம் பார்த்துப் போட்டால் மிக நன்றாக ஒத்துவரும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் ஐந்தாறு தரம் அடித்துக்கொண்டு நெருக்கமான மினிபஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தலையிடி வரும், அதில் சந்தேகம் இல்லை. சூட்டில் பழ மணம் பத்து நிமிடத்தில் பறந்துவிடும், வனிலாவும் அம்பரும் ஒரே நேரத்தில் கிளம்பி வியர்வையோடு சேர்ந்து கனக்கும்.

நல்ல காலம் வாடைக் காற்று வீசும் கார்த்திகை முதல் தை வரை. மாரி மழை விட்ட பின்னேரத்தில், காற்றில் ஈரமும் குளிரும் இருக்கும்போது, இந்தச் சென்ற் ஒவ்வொரு கட்டமாக நிதானமாக விரியும். சோளகம் அடிக்கும் ஆடி, ஆவணியில் வெளியே நின்றால் மணம் உங்களிடம் தங்காது. அந்த மாதங்களில் வீட்டுக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு: ஒரு தரம், கூடினால் இரண்டு. குளித்து, உடம்பு நன்றாக உலர்ந்த பிறகு நெஞ்சில் அடித்து, அரை மணித்தியாலம் கழித்து வெளிக்கிடுங்கள். மற்றவர்கள் உங்களைச் சந்திக்கும்போது பூக் கட்டத்தில் இருக்கும்.

கழுத்தில் போட்டுக்கொண்டு வெயிலில் போவதைத் தவிர்க்கச் சொல்வது ஏன்?

பேர்கமொட் எண்ணெயில் இயற்கையாகவே பேர்கப்டென் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் சிவந்து, பிறகு மண்ணிறக் கோடுகளாகக் கறுக்கும். திரவம் வழிந்த வழியிலேயே கறை இருக்கும், போக மாதங்கள் எடுக்கும். இப்போது அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறார்கள். மிகப் பழைய போத்தலில் அது நீக்கப்பட்டிருக்கும் என்று நம்ப முடியாது. எங்கள் வெயில் மன்னிக்கிற வெயில் இல்லை. சட்டைக்குள் போடுங்கள்.

வெள்ளை வேட்டி, சேட்டில் கறை பிடிக்குமா?

பிடிக்கும். பழைய போத்தல் என்றால் நிச்சயம். பட்டு வேட்டிக்குக் கிட்டவும் கொண்டு போக வேண்டாம்.

கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகலாமா? செத்த வீட்டுக்கு?

கோயிலுக்கு வேண்டாம் என்பேன். இதில் தீட்டு, துடக்கு என்று எதுவும் நான் சொல்ல வரவில்லை. நல்லூரில் மேலாடை கழற்றி உள்ளே போகும்போது சந்தனம், கற்பூரம், பூ, எண்ணெய்த் தீபம் எல்லாம் சேர்ந்து ஒரு மணம் வரும். அந்த இடத்துக்கு அது போதும், அதற்குள் இன்னொன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க மனம் வராது. செத்த வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். கலியாண வீடு, நூல் வெளியீடு, பழைய மாணவர் ஒன்றுகூடல், மாலைக் கச்சேரி எல்லாவற்றுக்கும் தாராளமாக.

போத்தலை எங்கே வைப்பது?

வெளிச்சமும் சூடும் படாத இடத்தில். கண்ணாடி மேசையும் யன்னல் ஓரமும் குளியலறைத் தட்டும் மோசமான இடங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட அறையின் மேல்தட்டு அதைவிட மோசம், மத்தியானத்தில் அங்கே கையை வைத்துப் பார்த்தால் தெரியும். தடித்த சுவர் உள்ள பழைய ஓட்டு வீடாக இருந்தால், வெயில் படாத சுவரோடு நிற்கும் அலுமாரியின் கீழ்த்தட்டே போதும். அதன் பெட்டிக்குள் போட்டு, நிமிர்த்தி வையுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம். ஆனால் கறன்ட் நின்று நின்று வரும் வீட்டில் குளிரும் சூடும் மாறி மாறி வருவது நல்லதல்ல. ஒரே அளவான வெப்பம் முக்கியம்.

வெளிநாட்டில் இருந்து அனுப்பச் சொல்லலாமா?

தபாலில் வேண்டாம். சென்ற் பெரும்பகுதி எரியக்கூடிய அற்ககோல் என்பதால் விமானத் தபாலில் தடை உண்டு, பிடிபட்டால் பார்சலே போய்விடும். கப்பலில் பெட்டி அனுப்புபவர்கள் உடுப்புக்குள் சுற்றி வைத்து விடுவார்கள். அதுவும் விதிக்கு மாறானது, அதோடு வெயிலில் நிற்கும் கொள்கலனின் சூட்டில் வாரக்கணக்காகக் கிடந்த சென்ற் என்ன ஆகும் என்று மேலே சொல்லி விட்டேன்.

வருகிறவர் கையோடு கொண்டுவருவதே வழி. பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல் ஏறாது. பாரப் பெட்டியில் ஒரு போத்தல் அரை லீற்றர் வரை, எல்லாமாக இரண்டு லீற்றர் வரை அனுமதி உண்டு. மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, பொலித்தீன் பையில் கட்டி, நடுவில் உடுப்புக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

இங்கே கடைகளில் கிடைக்குமா?

யாழ்ப்பாண நகரக் கடைகளில் பழைய அபி ரூஜைத் தேடி அலைய வேண்டாம். இணையத்தில் "விண்டேஜ்" என்று போட்டு விற்பதை வாங்கும்போது, திரவ மட்டம் தெரியும் படமும், போத்தலின் அடிப்பகுதிப் படமும், பெட்டியின் எழுத்துகள் வாசிக்கக் கூடிய படமும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இதைப் போல வேறு என்ன மணந்து பார்க்கலாம்?

ஷாலிமாரைக் கட்டாயம். 1889இல் ஏமே கெர்லான் செய்த ஜிக்கியும் லவெண்டரும் வனிலினும் சேர்ந்தது. அபி ரூஜின் மூதாதை என்று எடுத்துக்கொள்ளலாம். எட்மொன் ரூட்னிட்ஸ்கா 1966இல் டியோருக்குச் செய்த ஓ சோவாஜ் பழமும் மல்லிகை போன்ற பூ மணமும் உள்ளது, ஆனால் அம்பர் இல்லை. எங்கள் மத்தியான வெயிலுக்கு அதுவே பொருத்தம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் டியோரின் 2015ஆம் ஆண்டு சோவாஜோடு குழப்ப வேண்டாம். அது முற்றிலும் வேறு.

நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஓல்ட் ஸ்பைஸ் 1938இல் அமெரிக்காவில் வந்தது. அதிலும் கார்னேஷன், கறுவா, வனிலா உண்டு. அதை மணந்து வளர்ந்தவர்களுக்கு அபி ரூஜ் சட்டென்று பிடிபடுவது இதனால்தான்.

ஸ்பிரே வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

மேல்முனையைக் கழற்றிச் சுடுநீரில் சில நிமிடம் ஊறவிட்டு, உலர்த்தி மாட்டுங்கள். பிசின் காய்ந்து அடைத்திருக்கும். அப்படியும் வராவிட்டால், கழுத்து இறுக்கி அடைக்கப்பட்ட போத்தலைக் குறட்டால் பிடுங்கப் போகாதீர்கள். கண்ணாடி வெடிக்கும். நகைக்கடையிலோ கடிகாரம் திருத்துபவரிடமோ கொடுத்து உலோக வளையத்தை மெதுவாக அறுத்து எடுக்கச் சொல்லலாம். அடைப்பான் மூடி இறுகியிருந்தால் கழுத்தைச் சுற்றி ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டு இரவு முழுக்க வைத்து, காலையில் துணியால் பிடித்துத் திருகிப் பாருங்கள்.

அப்பாவின் போத்தல். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். போடவா, அப்படியே வைக்கவா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் அப்பா இல்லாத வீடுகளில் இருந்து வருகிறது, அதனால் கவனமாகவே பதில் சொல்கிறேன். போத்தலை வைக்கலாம், உள்ளே இருப்பதை வைக்க முடியாது. திரவம் குறையக் குறைய உள்ளே காற்று கூடும், காற்றுக் கூடினால் மாற்றம் விரைவாகும். கால்வாசி மிச்சமுள்ள போத்தல் முழுப் போத்தலை விட வேகமாகப் பழுதாகும். ஆகவே மிச்சத்தை, கழுவி நன்றாக உலர்த்திய சிறிய கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி இருட்டில் வையுங்கள். பிளாஸ்ரிக் வேண்டாம். அப்பாவின் போத்தல் வெறும் போத்தலாகவே அலுமாரியில் இருக்கட்டும், அதன் கழுத்தில் மணம் வருடக்கணக்காக நிற்கும். சிறிய போத்தலில் உள்ளதை இந்த வாடைக் காலத்திலேயே போடத் தொடங்குங்கள். தம்பி, தங்கச்சிமார் இருந்தால் அவர்களுக்கும் ஒவ்வொரு சின்னப் போத்தலில் பிரித்துக் கொடுங்கள். மிச்சம் ஐந்து மில்லிலீற்றர் இருந்தாலே ஐம்பது தரம் அடிக்கக் காணும்.